அவர் குடிக்கிறவர்

“குடிகாரன்னாகூடக் குடுத்துடலாம்டி, கல்யாணம் ஆனா அடங்கிடுவான். கஞ்சாக்காரன் இருக்கற வீட்ல எவ கை நனைப்பா?”

கேட்டீர்களா அக்கா? முன் சீட்டில், ஜன்னல் ஓரம் கனகாம்பரம் வைத்திருக்கிறாரே, அவர்தான் சொன்னார். என்னைச் சொல்லவில்லை. என்னை அவருக்குத் தெரியாது. அவர்கள் சொந்தத்தில் யாருக்கோ வரன் பார்க்கிறார்கள் போல, குளித்தலையில் ஏறியதிலிருந்து அதே பேச்சு. நான் ஒட்டுக்கேட்கவில்லை. காதில் விழுகிறது. எனக்கு வாய்தான் வராது. கண்ணுக்கும் காதுக்கும் எதுவும் தப்பாது. “வான்மதிக்குத் தெரியாம இந்த வீட்ல ஒரு பல்லிகூட நகராது” என்று அம்மா சொல்வார்கள்.

இந்தப் பை இடிக்கிறதா? மடியில் வைத்துக்கொள்கிறேன். கோழிக்குழம்பு வாசம் வரும், கோபித்துக்கொள்ளாதீர்கள். தம்பிக்கு எடுத்துப் போகிறேன். ஹாஸ்டலா என்றால், ஹாஸ்டல் மாதிரிதான். வெளியே பூட்டியிருப்பார்கள்.

என்னவோ, இன்றைக்கு யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் போல இருக்கிறது. நீங்கள் மணப்பாறையில் இறங்கி உங்கள் வழியில் போய்விடுவீர்கள். உங்களுக்கு எங்களைத் தெரியாது. சொல்வதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்காது.

வருகிற ஆவணியில் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை திண்டுக்கல், டிராக்டர் ஷோரூமில் மேனேஜர். திருமூர்த்தி என்று பெயர். எங்கள் பக்கம் மாப்பிள்ளைக்குப் பெண்ணின் கூடப்பிறந்தவன்தான் மோதிரம் போட வேண்டும். போட்டு, கையைப் பிடித்து மேடைக்கு அழைத்து வர வேண்டும். எனக்குக் கூடப்பிறந்தவன் ஒருவன்தான். லோகேஷ். அவனுக்குப் பதிலாகப் பெரியப்பா மகன் போடட்டும் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். அதை இன்றைக்கு அவனிடம் சொல்ல வேண்டியது நான். அம்மா குழம்பை வைத்துக் கொடுத்தார்கள், சொல்ல வேண்டியதையும் என்னிடமே கொடுத்துவிட்டார்கள்.

எப்படி அக்கா சொல்வது?

இருங்கள், அப்பாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் தப்பாக நினைத்துக்கொள்வீர்கள். அப்பா நெல் மண்டியில் எடை போடுகிறவர். ஊரில் மரியாதை உண்டு. மாரியப்பன் எடை போட்டால் தராசு பொய் சொல்லாது என்பார்கள். குடிப்பார். அதை மறைக்க என்ன இருக்கிறது, எல்லா வீட்டிலும் இருப்பதுதான். மதியம் கடை திறந்ததும் கொஞ்சம், சாயந்திரம் மண்டி முடிந்ததும் கொஞ்சம். அளவு உண்டு. யாரையும் கை நீட்டி அடிக்க மாட்டார். அம்மாவை மட்டும்தான், அதுவும் எப்போதாவது, அம்மா வாயைக் கொடுத்தால். மறுநாள் காலையில் அவரே தேங்காய் எண்ணெய் தடவிவிடுவார். அந்த மனசு யாருக்கு வரும்?

சாயந்திரம் அப்பாவைக் கடையிலிருந்து கூட்டி வருவது லோகேஷ். பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்து அது அவன் வேலை. அப்பாவை வண்டியில் பின்னால் உட்கார வைத்து, ஒரு துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொள்வான், விழாமல் இருக்க. கடைத்தெருவில் கிண்டல் பண்ணுவார்கள். “என்னடா லோகு, புள்ளைய முதுகுல கட்டிக்கிட்டு எங்க கெளம்பிட்ட?” என்பார்கள். “வீட்டுக்குத்தாண்ணே. இன்னும் பால் மறக்கல” என்பான். பின்னால் இருந்து அப்பாவும் சிரிப்பார்.

அப்படித்தான் இருந்தோம். நன்றாகத்தான் இருந்தோம்.

நான் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கும்போது ஒரு பட்டிமன்றம் வைத்தார்கள். தடை செய்த போதைப் பொருள்களையும் சாராயம், சிகரெட் மாதிரி சட்டத்துக்குள் கொண்டுவரலாமா, கூடாதா என்று தலைப்பு. ‘கொண்டுவரலாம்’ அணியில் பேச யாருமே பெயர் கொடுக்கவில்லை, வீட்டில் தெரிந்தால் என்ன ஆவது என்று பயம். கடைசியில் அன்றைக்குத் தாமதமாக வந்த மூன்று பேரை அந்த அணியில் போட்டார்கள். ‘கூடாது’ அணிக்கு என் தோழி ஃபர்ஹானா. எனக்கு மேடை ஏறினால் குரல் வராது. அதனால் எழுதிக் கொடுத்தது நான், பேசியது அவள்.

எழுதியதை வீட்டில் வைத்து மெதுவாகப் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். லோகேஷ் தோசை தின்றுகொண்டிருந்தான். “அக்கா, எதிர் அணிக்கு ஆளில்லையாமே. நான் வரட்டா?” என்றான். வரட்டா என்ன, ஆரம்பித்தே விட்டான். அப்பா சுவரில் சாய்ந்து, பக்கத்தில் கிளாஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்துக் கும்பிட்டு, “நடுவர் அவர்களே!” என்றான்.

“நடுவர் அவர்களே, உங்க பாட்டிலுக்கு அரசாங்கம் கடை தெறந்து, கம்பி கட்டி, வரிசை நிக்க வெச்சு விக்குது. ராத்திரி நீங்க ரோட்ல விழுந்தாலும் போலீஸ்காரர் ஓரமாத் தூக்கி உக்கார வெச்சிட்டுப் போறாரு. எங்கூட வேலை செய்யற பையன் ஒரு பொட்டலத்தோட மாட்டிக்கிட்டான், அவன தெருவுல வெச்சு அடிச்சாங்க. அடிச்சவரு வாயில என்ன வாசம் வந்துச்சு தெரியுமா? நீங்க வாங்கினா வியாபாரம், அவன் வாங்கினா வழக்கு. இது என்ன தராசு நடுவர் அவர்களே?”

நான் விடவில்லை. வீட்டுக்குள் எனக்கு நன்றாகவே பேச வரும். “ஒரு கடை தெறந்ததுக்கே தெருவுக்கு நாலு பேர் விழுந்து கெடக்கறாங்க. இன்னொரு கடையும் தெறந்தா மிச்சம் இருக்கறவங்களும் விழுவாங்க. அதான் உனக்கு வேணுமா?” என்றேன்.

“விழத்தானக்கா செய்யறாங்க இப்பவும். மறைவா விழறாங்க. தூக்க ஆள் இல்லாம விழறாங்க.”

அப்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு நடுவர் மாதிரியே கையைத் தூக்கினார். “ரெண்டும் குழிதான்டா. ஒண்ணு தெறந்து கெடக்கு, ஒண்ணு மூடிக் கெடக்கு. தெறந்த குழியில நான் விழுந்துட்டேன். மூடினதையும் தெறக்கச் சொன்னா நான் என்ன தீர்ப்பு சொல்லுவேன்? ஏய், ஊறுகாய் எங்கடி?” என்றார். அம்மாகூடச் சிரித்துவிட்டார்கள்.

அப்பாவுடைய குழியை நான் பேச்சில் சேர்த்துக்கொண்டேன். ஃபர்ஹானா அதைச் சொன்னபோது அரங்கமே கைதட்டியது. முதல் பரிசு, எவர்சில்வர் டிபன் கேரியர். எழுதியது நீதானே என்று அவள் என்னிடமே கொடுத்துவிட்டாள். இதோ, இந்தக் கேரியர்தான். நல்ல கனம். குழம்பு ஒரு சொட்டுச் சிந்தாது.

லோகேஷ் அப்போதே கஞ்சா பிடிக்க ஆரம்பித்திருந்தானா என்று கேட்கிறீர்கள். தெரியவில்லை அக்கா. எனக்கு எல்லாம் தெரியும் என்று சொன்னேனே, இது தெரியவில்லை. லேத் பட்டறையில் வேலை. வந்ததும் மொட்டை மாடிக்குப் போய்விடுவான். சட்டைப் பையில் கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்து வைத்திருந்தான். இரும்புத்தூள் விழுகிறது என்றான், நம்பினேன். பிறகு பட்டறைக்குப் போவது குறைந்தது. பிறகு நின்றே போனது. அப்பாவைக் கூட்டி வருவது மட்டும் நிற்கவில்லை.

ஒருநாள் துணி எடுக்க மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டியோடு பேசிக்கொண்டிருந்தான். என்னவோ ஒரு மாதிரி ஆகிவிட்டது எனக்கு. “யார்கிட்டடா பேசற?” என்றேன். “இதுகிட்டதான். குறுக்கப் பேசாமக் கேக்குது” என்றான். சிரித்தான். சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. மடித்த துணியையெல்லாம் கீழே போட்டுவிட்டேன். அப்பா எவ்வளவு குடித்தாலும் நான் பயந்ததே இல்லை அக்கா. அப்பா அடுத்து என்ன செய்வார் என்று எங்களுக்குத் தெரியும். இவன் என்ன செய்வான் என்று தெரியாது. அதுதான் பயம்.

பிறகு பேருந்து நிலையத்தில் வைத்துப் பிடித்தார்கள். சின்னப் பொட்டலம், உள்ளங்கையில் மூடினால் தெரியாது. அப்பாவும் நானும் காவல் நிலையத்துக்குப் போனோம். சாயந்திர நேரம், அப்பா எப்படி இருப்பார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த அதிகாரி எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டு, “உக்காருங்கய்யா, பாத்து” என்று அப்பாவின் கையைப் பிடித்து உட்கார வைத்தார். தரையில் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்த லோகேஷிடம், “உங்கப்பா முகத்தப் பாருடா. இந்த மனுஷனுக்கு இப்படி ஒரு அவமானம் தேடித் தரலாமா?” என்றார். அவன் அப்பா முகத்தைப் பார்த்தான். அப்பா அழுதார். நல்ல மனிதர் அந்த அதிகாரி.

அபராதத்தோடு போயிற்று. ஆனால் பேப்பரில் வந்துவிட்டது. ‘கஞ்சா வைத்திருந்த வாலிபர் கைது’. ஊர், பெயர், தகப்பன் பெயர் எல்லாம். திண்டுக்கல்காரர்கள் பார்க்கவில்லை, அதுவரை கடவுள் புண்ணியம். பேசி முடித்து, நிச்சயதார்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அவர்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் எங்கள் தெரு டீக்கடையில் உட்கார்ந்து விசாரித்திருக்கிறார். அந்த டீக்கடைக்காரர் வாய் சும்மா இருக்காது. ஆனால் அன்றைக்கு என்ன தோன்றியதோ, “தங்கமான குடும்பம். அப்பா குடிப்பாரு, வேற ஒரு கொறையும் இல்ல” என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பெரியவரும், “அது நம்ம பக்கமும் இருக்கறதுதான்” என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

திருமூர்த்தியா? குடிப்பார்தான். அவரே சொன்னார், அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. சனிக்கிழமை மட்டும், நண்பர்களோடு மட்டும். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் போன் செய்து, நான் அவரை மதிக்கவில்லை என்று ரொம்ப நேரம் அழுதார். மறுநாள் கேட்டால், போன் செய்ததே ஞாபகம் இல்லை என்றார். விற்பனைக் கணக்கு முடிக்கிற மாசம், வேலைப் பளு. கல்யாணம் ஆனால் சரியாகிவிடும். எதற்குச் சொல்கிறேன் என்றால், அவர் ஒருநாள், “உன் தம்பிக்கு எந்த கம்பெனி? ஆளையே காணோமே” என்று கேட்டார். “திருப்பூர்” என்றேன்.

இந்த மறுவாழ்வு இல்லம் செல்லத்துரை மாமா கண்டுபிடித்தது. அம்மாவின் அண்ணன். “அடச்சு வெச்சாத்தான் தெளிவான். கல்யாணம் முடியட்டும், பொறவு பாத்துக்கலாம்” என்றார். லோகேஷுக்காகத்தான் அக்கா. கல்யாணத்துக்காக மட்டும் இல்லை. அவன் தெளிய வேண்டும் என்றுதான். மாமா தேதி சொன்னபோது நானும் சரி என்றேன், அவனுக்கு நல்லது என்பதால்.

போன மாசம் பார்க்கப் போனேன். தலையை மொட்டை அடித்திருந்தார்கள். உடம்பு கொஞ்சம் தேறியிருந்தான், அதைச் சொல்ல வேண்டும். கண் தெளிவாக இருந்தது. “இங்க எல்லாரும் குடிகாரங்கதான்க்கா. நான் ஒருத்தன்தான் வேற. பக்கத்துப் பாய்க்காரர் கொறட்டைகூட அப்பா மாதிரியே இருக்கு, அதனால தூக்கம் வருது” என்றான். அப்பாவை யார் கூட்டி வருகிறார்கள் என்று கேட்டான். நான்தான் என்றேன். “துண்டு கட்டறியா?” என்றான். வெட்கமாக இருக்கிறது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டான். கிளம்பும்போது, “கல்யாணச் சட்டை தைக்கக் குடுத்துடு. பழைய அளவே போதும்” என்றான்.

இப்போது சொல்லுங்கள், எப்படிச் சொல்வேன்? உன் சட்டையைத் தைக்கவில்லை, மோதிரத்தை வேறு ஒருவன் போடுகிறான், நீ ஆவணி முடிந்தபின் வா என்று? மாமாவைக் கேட்டால், “சொன்னாப் புரிஞ்சுக்குவான். அன்னைக்கே புரிஞ்சுக்கிட்டவன்தான” என்கிறார். அன்றைக்கு என்றால், அவனை ஏற்றிப் போன அன்றைக்கு. அதையும் சொல்லிவிடுகிறேன். மணப்பாறை இன்னும் வரவில்லையே?

ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. இல்லத்திலிருந்து ஒரு வேனில் நான்கு ஆட்கள் வந்தார்கள். மாமா அவர்களிடம் விலாசமும் மாரியப்பன் வீடு என்றும் மட்டும் சொல்லியிருக்கிறார், போனில் லோகேஷின் பெயரைச் சொல்ல அவருக்குக் கூச்சம். வந்தவர்கள் டீக்கடையில் வழி கேட்டிருக்கிறார்கள். டீக்கடைக்காரரே கூட நடந்து வந்து வீட்டைக் காட்டினார். கதவு திறந்திருந்தது. முன் அறையில் டிவிக்குக் கீழே அப்பா படுத்திருந்தார், லுங்கி ஒரு பக்கம், துண்டு ஒரு பக்கம்.

“மாரியப்பனா?”

“நான்தான். யாரு?” என்று அப்பா கண்ணைத் திறந்தார்.

கை பக்கம் இரண்டு பேர், கால் பக்கம் இரண்டு பேர். மூட்டையைத் தூக்குவது மாதிரித் தூக்கிவிட்டார்கள். “வாங்கய்யா, பயப்படாதீங்க, கொஞ்ச நாள்தான், தங்கமாத் திரும்பி வருவீங்க” என்று தட்டிக்கொடுத்துக்கொண்டே வாசலுக்குக் கொண்டுபோனார்கள். நான் சுவரோடு சுவராக நிற்கிறேன். வாயே வரவில்லை. அம்மா சமையலறையிலிருந்து ஈரக் கையோடு ஓடி வந்தார்கள்.

“ஐயோ, அவரு இல்லீங்க! அவரு இல்ல! அவரு குடிக்கறவருங்க!”

“ஆமாம்மா, குடிக்கறவரத்தான எடுக்க வந்திருக்கோம்?”

“இவரு சும்மா குடிக்கறவருங்க! எம்மகன்தான்… அவன்தான் கஞ்சாங்க!”

தெருவே கேட்டுவிட்டது அக்கா. அவ்வளவு மறைத்து வைத்ததை அம்மாவே வாசலில் நின்று சொன்னார்கள். டீக்கடைக்காரர், “சரியான ஆளத்தான்யா புடிச்சிருக்கீங்க, விட்டுடாதீங்க” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆட்களில் ஒருவர் போனை எடுத்து, “சார், வீட்ல ரெண்டு பேர் இருக்காங்க. எது நம்மளது?” என்று கேட்டார். அதற்கும் சிரித்தார்கள்.

அதற்குள் அப்பா வேனுக்குள் இருந்தார். செல்லத்துரை மாமா மூச்சு வாங்க ஓடி வந்து, “மாப்ள, எறங்குங்க, ஆள் மாறிப் போச்சு” என்றார். அப்பா இறங்கவில்லை. அம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வேனின் திறந்த கதவில் ‘மறுவாழ்வு இல்லம்’ என்று எழுதியிருந்ததைத் தலையைச் சாய்த்துப் படித்தார். பிறகு ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“ஆள் மாறல. நடுவர் தீர்ப்பு சொல்லிட்டேன். நான்தான். வண்டிய எடு.”

“மாப்ள, கல்யாணத்த வெச்சுக்கிட்டு என்ன பேச்சு இது! பொண்ணத் தாரை வாக்கறது யாரு?”

“வண்டிய எடுறா!”

போதை, வேறென்ன. நிதானத்தில் இருந்தால் அப்படியெல்லாம் பேசக்கூடியவர் இல்லை. நடுவர் என்றால் என்னவென்று மாமாவுக்குப் புரியக்கூட இல்லை. ஆட்கள் இழுத்தார்கள். மாமா இழுத்தார். அம்மா வேனின் படியில் ஏறி நின்று அப்பாவின் கையை அடித்தார்கள். விரல் கழலவில்லை. மூட்டை தூக்கிய கை அது.

லோகேஷ் மாடியில் இருந்தான். எல்லாவற்றையும் மேலே இருந்து பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் வீட்டுக்குப் பின்னால் குட்டைச் சுவர், அதைத் தாண்டினால் வாழைத்தோப்பு, தோப்பைத் தாண்டினால் ரோடு. கீழே எல்லோரும் அப்பாவைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள், அவனைப் பார்க்க ஆளில்லை. அவன் ஒருமுறை தோப்புப் பக்கம் திரும்பியதை நான் பார்த்தேன்.

பிறகு படி வழியாக இறங்கி வந்தான். வீட்டுக்குள் போய்த் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். “கொஞ்சம் தள்ளுங்க மாமா” என்று வேனுக்குள் ஏறி, அப்பாவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தான்.

“அப்பா. விடுப்பா. தாரை வாக்க நீ வேணும்ல.”

அப்பா மாட்டேன் என்று தலையை ஆட்டினார். அவன் ஒவ்வொரு விரலாகப் பிரித்தான். இழுக்கவில்லை, பிரித்தான். அப்பாவை முதுகில் சாய்த்துத் துண்டால் கட்டிக்கொண்டு இறங்கினான். டீக்கடைக்காரர் வழிவிட்டு ஒதுங்கி நின்றார். உள்ளே கொண்டுபோய் டிவிக்குக் கீழே படுக்க வைத்து, லுங்கியைச் சரி செய்து, தலைக்கு அணை கொடுத்தான். வெளியே வந்து வண்டிச் சாவியை என் கையில் வைத்தான். “கடை வாசல்ல நிக்காதக்கா, பயலுக ஒரு மாதிரிப் பேசுவானுக. பின்னாடி சந்துல நின்னு ஹாரன் அடி, அப்பாவுக்குத் தெரியும்” என்றான். துண்டையும் கொடுத்தான்.

பிறகு வேனில் ஏறி, அப்பா உட்கார்ந்திருந்த அதே இடத்தில் உட்கார்ந்து, கதவை அவனே உள்ளிருந்து இழுத்துச் சாத்திக்கொண்டான்.